வான்கோழி வேட்டையில் எதில் உட்காருவது, எதில் சுமப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து ஓசார்க் மலைக்காடுகளுக்கு வசந்த கால வான்கோழி வேட்டைக்காகப் போய் வருகிறேன். கூட வர ஆசைப்படும் தமிழ் நண்பர்கள் வருவதற்கு முன்னால் துப்பாக்கியைப் பற்றிக் கேட்பார்கள். ஒருநாள் வந்துவிட்டுப் போனபின் கேட்பதெல்லாம் இடுப்புவலியைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

உட்காருவதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? தரையில் உட்கார்ந்தால் போதாதா?

போதாது. வான்கோழிக்கு மோப்பம் அவ்வளவாகக் கிடையாது, ஆனால் கண் பொல்லாத கண். தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் திரும்பாமலே சுமார் 270 பாகை பார்க்கும், கழுத்தைக் கொஞ்சம் அசைத்தால் சுற்றியுள்ள எல்லாமே தெரியும், நிறமும் நன்றாகத் தெரியும். காட்டோடு கலந்துபோகும் கேமோ உடுப்பு போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தால் பத்தடி தூரத்தில் நின்றுகூட உங்களை மரக்கட்டை என்று நினைத்துவிட்டுப் போகும். ஒரு விரலை அசைத்தால் நாற்பது கஜத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். ஆக இந்த வேட்டையின் பாதி, சும்மா இருப்பதுதான். பிட்டத்தில் வேர் குத்தினால், கால் மரத்துப் போனால், ஈரம் ஏறினால் எந்த மனிதனாலும் சும்மா இருக்க முடியாது.

என் முதல் வருடம் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டு ஓக் மர வேரில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடத்தில் இடது கால் செத்துவிட்டது. வான்கோழிச் சேவல் இரண்டு தடவை குரல் கொடுத்தது, அப்புறம் சத்தமே இல்லை, போய்விட்டது என்று நினைத்து மெதுவாகக் காலை நீட்டினேன். எனக்கு வலப்பக்கம் இருபது கஜத்தில் ‘புட்’ என்று ஒரு சத்தம். அது எச்சரிக்கைக் குரல். தலை ஒரு நொடி தெரிந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு என்னிடம் இருந்த துப்பாக்கியும் அழைப்பானும் (பெட்டை போலச் சத்தம் எழுப்பிச் சேவலை வரவழைக்கும் கருவி) இன்றைக்கும் அதேதான். மாற்றியது இருக்கை மட்டும்.

எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும்?

மிசூரியில் பருவம் ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து சுடலாம், பொது நிலத்தில் மதியம் 1 மணியோடு நிறுத்திவிட வேண்டும். பறவைகள் இரவில் மரத்தில் அடைந்து விடியும்போது இறங்குவதால், அவை இறங்குமுன் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதாவது இருட்டில் ஒரு மைல் நடை, ஐந்து மணிக்கெல்லாம் மரத்தடியில். ஒரே இடத்தில் சில சமயம் இருபது நிமிடம், சில சமயம் மூன்று மணி நேரம். எது என்று முன்கூட்டித் தெரியாது என்பதுதான் சிக்கல்.

சின்ன வயதிலிருந்து சம்மணம் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். எனக்குமா மெத்தை?

எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். இரண்டு விஷயம். ஒன்று, அந்த இடுப்பை நாம் அலுவலக நாற்காலியில் பல வருடம் முன்னாலேயே தொலைத்துவிட்டோம். இரண்டாவது, சம்மணம் இந்த வேலைக்கு ஆகாது. முழங்கால்கள் தரையோடு போய்விட்டால் துப்பாக்கியைத் தாங்க ஒன்றும் இருக்காது. ஏழு பவுண்டு துப்பாக்கியைக் கையில் ஏந்திக்கொண்டு, சேவல் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வரும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள், குழல் முனை ஊஞ்சல் ஆடும். மரத்தில் முதுகைச் சாய்த்து, குத்துக்காலிட்டு, இடது முழங்கால் மேல் துப்பாக்கியை வைத்துக்கொள்வதுதான் முறை. வலது கைக்காரர் என்றால் பறவை வரும் என்று எதிர்பார்க்கும் திசைக்கு இடது தோள் காட்டி உட்கார வேண்டும், உடம்பு இடப்பக்கம்தான் தாராளமாகத் திரும்பும். இடது கைக்காரருக்கு அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் இருக்கையின் உயரம் முக்கியம். பிட்டம் முழுக்கத் தரையில் இருந்தால் முழங்கால் முகத்துக்கு வந்துவிடும், தொடைக்கு ஆதாரமே இல்லாமல் முழு எடையும் இரண்டு எலும்பு முனையில் நிற்கும். மூன்று நான்கு அங்குலம் உயர்ந்தால் போதும், வித்தியாசம் தெரியும். அதற்கு மேல் ஏற ஏற வசதி கூடும், ஆனால் உங்கள் உருவமும் கூடவே உயரும்.

என்னென்ன வகை இருக்கை இருக்கிறது?

முதலாவது வெறும் மெத்தை. அதிலும் இரண்டு சாதி. மூடிய அறை ஃபோம் என்பது உள்ளே குமிழ்கள் தனித்தனியாக அடைபட்டிருப்பது, தண்ணீர் குடிக்காது, குளிர் ஏறாது, சத்தம் போடாது, தூசு மாதிரி எடை. தெர்ம்-அ-சீட் என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். திறந்த அறை ஃபோம் என்பது சோபா மெத்தைக்குள் இருப்பது. கடையில் அமுக்கிப் பார்த்தால் அதுதான் சுகமாக இருக்கும், அங்கேதான் ஏமாறுகிறோம். பனி நனைந்த புல்லில் இரண்டு தடவை வைத்து எடுங்கள், பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்கக் கால்சட்டைக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். உறை நீர்ப்புகாத் துணி என்பார்கள், தையலைப் பாருங்கள், தண்ணீர் தையல் வழியாகத்தான் போகும்.

காற்றடிக்கும் மெத்தை எடை குறைவு, மடித்தால் சட்டைப்பைக்குள் போகும், ஆனால் முள் என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது. தவிர நகரும்போது கிரீச் என்று ரப்பர் சத்தம் போடும். ஜெல் மெத்தை உட்கார ரொம்ப நன்றாக இருக்கும், தூக்கத்தான் ஆள் வேண்டும்.

அப்புறம் காலில்லாத மடக்கு நாற்காலி. அடியும் முதுகும் இரண்டு பலகையாக இருந்து பக்கவாட்டு வாரில் இழுத்து நிற்கும். கிரேசி கிரீக் என்ற பெயர் இதில் பழையது. மரமே இல்லாத இடத்தில் சாய்ந்து உட்காரலாம் என்பது இதன் பெரிய பலன். ஆனால் உடம்பின் எடையில்தான் அந்த முதுகு நிற்கிறது, நீங்கள் முன்னால் குனிந்தால் பின்னால் தொளதொளவென்று ஆகிவிடும்.

குட்டைக்கால் நாற்காலிகள் தரையிலிருந்து நாலைந்து அங்குலம் முதல் ஒரு முழம் வரை கிடைக்கின்றன. முழங்கால் வலி இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எடை இரண்டு பவுண்டிலிருந்து ஆறேழு பவுண்டு வரை போகும். அலுமினியக் குழாயில் துணி கோத்த முகாம் நாற்காலிகள் இரண்டு பவுண்டுக்குள் வருகின்றன, ஆனால் ஈர மண்ணில் அதன் சின்னக் கால்கள் நாலும் நாலு ஆழத்துக்கு இறங்கி உங்களைச் சாய்த்துவிடும். கால்களைக் குறுக்குக் கம்பியால் இணைத்திருந்தால் அவ்வளவாக இறங்காது.

கடைசியாக, வெஸ்ட்டோடு வரும் இருக்கை. அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

வான்கோழி வெஸ்ட் என்றால் என்ன? சாதாரண முதுகுப்பை போதாதா?

கையில்லாத மேலங்கிதான், ஆனால் உடம்பெல்லாம் பை. முன்னால் அழைப்பான்களுக்குத் தனித்தனி அறைகள், பின்னால் பறவையைப் போட ஒரு பெரிய பை, அதற்குக் கீழே காந்தத்திலோ பக்கிளிலோ மாட்டித் தொங்கும் மெத்தை. மரத்தைப் பார்த்ததும் மெத்தையை விடுவித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடலாம், தனியாக எதையும் கழற்றி விரிக்க வேண்டாம். சேவல் திடீரென்று நூறு கஜத்தில் குரல் கொடுக்கும்போது அந்தப் பத்து நொடி பெரிய விஷயம்.

சில வெஸ்ட்களில் முதுகில் ஒரு சட்டமும் மடக்குக் காலும் இருக்கும். ஆல்ப்ஸ் கம்பெனியின் கிராண்ட் ஸ்லாம் வெஸ்ட் இந்த வகையில் பெயர் பெற்றது. சட்டத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டும் போகலாம். சைக்கிள் ஸ்டாண்டு மாதிரி காலை விரித்துவிட்டால் மரமில்லாத வயல் ஓரத்திலும் சாய்ந்து உட்காரலாம். எடை கூடும், புதருக்குள் குனிந்து போகும்போது சட்டம் கிளையில் மாட்டும். அடர்ந்த காட்டில் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் வேட்டையாடுபவர் அதை விட்டுத் தரமாட்டார்.

முதுகுப்பையில் என்ன குறை என்றால், ஒவ்வொரு தடவையும் கழற்றி, ஜிப்பைத் திறந்து, துழாவ வேண்டும். வெஸ்ட்டில் என்ன குறை என்றால் வேர்க்கும், மே மாதத்தில் நன்றாகவே வேர்க்கும். அதனால் இப்போது பலர் இடுப்புப்பையோடு இரண்டு தோள்வார் மட்டும் உள்ள அமைப்புக்கு மாறியிருக்கிறார்கள். நானும் அதில்தான் இருக்கிறேன். முதுகில் காற்றுப் படும், எடை தோளை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கும்.

பை நிறைய இருந்தால் நல்லதுதானே?

இல்லை. பை இருந்தால் நிரப்புவோம். பரண் இருக்கிறது என்பதற்காகச் சாமான் சேர்க்கும் வீடு மாதிரிதான். இருபது அறை உள்ள வெஸ்ட்டில் எந்த அறையில் எது என்று விடியற்காலை இருட்டில் தேடிக்கொண்டிருப்பீர்கள். தினமும் ஒரே பொருள் ஒரே பையில் இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். எட்டுப் பைக்கு மேல் உள்ளதை நான் வாங்கமாட்டேன்.

வாங்கும்போது ஒவ்வொரு பையையும் திறந்து மூடிக் கேளுங்கள். வெல்க்ரோ பட்டை இருந்தால் வேண்டாம், அமைதியான காட்டில் அது துணி கிழிவது போலக் கேட்கும். காந்தப் பொத்தான் நல்லது, ஆனால் திசைகாட்டியையும் போனையும் அதன் பக்கத்தில் வைக்காதீர்கள். ஜிப்பின் உலோக இழுப்பு கிணுகிணுக்கும், அதைக் கழற்றிவிட்டு ஒரு துண்டுக் கயிறு கட்டினால் சரியாகிவிடும்.

எவ்வளவு எடை வரை தூக்கலாம்?

என் கணக்கைச் சொல்கிறேன். மெத்தையோடு வெஸ்ட் மூன்று பவுண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் இரண்டே கால். அழைப்பான்கள், கையுறை, முகமூடி, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒன்றரை. சேவலை ஏமாற்றி வரவழைக்க வைக்கும் மடிக்கிற பொம்மைக் கோழி ஒரு பவுண்டு. சில்லறையும் சேர்த்து எட்டு, ஒன்பது. துப்பாக்கி ஏழு. போகும்போது 16 பவுண்டு, பரவாயில்லை. திரும்பும்போதுதான் விஷயம் இருக்கிறது: இங்குள்ள கிழக்கத்திய வகை வான்கோழியில் வளர்ந்த சேவல் ஒன்று 18 முதல் 24 பவுண்டு வரை இருக்கும். இருபது பவுண்டுச் சேவல் என்றால் மொத்தம் 36, அதாவது 16 கிலோவுக்கு மேல், மேட்டில், ஒரு மைல்.

அதனால் வெஸ்ட் வாங்கியதும் ஒரு பரிசோதனை செய்யுங்கள். இங்கே இந்தியக் கடையில் 20 பவுண்டு அரிசி மூட்டை விற்கிறார்களே, அதைப் பின்பையில் போட்டுக்கொண்டு மாடிப்படியில் பத்துத் தடவை ஏறி இறங்குங்கள். தோள்வார் கழுத்தை அறுக்கிறதா, பை தொங்கிப் பிட்டத்தில் அடிக்கிறதா, மெத்தையின் பக்கிள் பிய்கிறதா, எல்லாம் அரை மணியில் தெரிந்துவிடும். வீட்டில் சிரிப்பார்கள். நான் முதலில் வாங்கிய வெஸ்ட்டில் இதைச் செய்யவில்லை, கடையில் காலியாகப் போட்டுப் பார்த்து அருமை என்று வாங்கிவிட்டேன். முதல் பறவையோடு திரும்பும்போது வலது தோள் பக்கிள் உடைந்து, மீதித் தூரம் குழந்தையைத் தூக்குவது போல முன்னால் அணைத்துக்கொண்டு வந்தேன். பறவையை வெளியில் தெரிகிற மாதிரித் தூக்கி வருவது ஆபத்து என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஏன் ஆபத்து?

சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். உடம்பு கருப்பாகத் தெரியும். காட்டில் இன்னொரு வேட்டைக்காரர் புதர் இடைவெளியில் அந்த நிறங்களைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். எடுத்த பறவையை முழுக்கப் பைக்குள் போட்டு, ஆரஞ்சுத் துணி ஒன்றை வெளியே தெரியும்படி கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பொம்மைக் கோழியைக் கொண்டு போகும்போதும் இதே விதி, தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நல்ல வெஸ்ட்களில் பின்பையில் மடித்து வைத்த ஆரஞ்சுப் பட்டை ஒன்று இருக்கும், இல்லாவிட்டால் கட்டம் போட்ட ஆரஞ்சு கைக்குட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

உட்காரும்போது இன்னொன்று நடக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. குத்துக்காலிட்டதும் கால்சட்டை மேலே ஏறி வெள்ளைக் காலுறை வெளியே தெரியும். அது முழங்காலுக்குக் கீழே துள்ளும் ஒரு வெள்ளைத் தலைதான். கருப்போ பழுப்போ நீளக் காலுறை போடுங்கள். நீல மூடி தண்ணீர்ப் புட்டி, சிவப்புச் சாக்லேட் உறை, வெள்ளை டிஷ்யூ காகிதம், இவையெல்லாமும் பையை விட்டு வெளியே வரக் கூடாது. வேறு ஆள் யாராவது உங்கள் பக்கம் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், வான்கோழிச் சத்தமும் போடாதீர்கள். அசையாமல் இருந்தபடியே உரக்கக் குரல் கொடுங்கள். அன்றைய வேட்டை கெட்டால் கெடட்டும்.

எந்த மரத்தடியில் உட்காருவது?

தோளை விட அகலமான மரம். உங்கள் உருவத்தின் கோடு உடையும் என்பது ஒரு காரணம், பின்னாலிருந்து யாராவது சுட்டால் மரம் தாங்கும் என்பது பெரிய காரணம். உட்காருமுன் மேலே பாருங்கள், பட்டுப்போன கிளை தலைக்கு நேராகத் தொங்குகிறதா என்று. அப்புறம் மரத்தையே பாருங்கள். அடிமரத்தில் முடி முளைத்த கயிறு மாதிரி ஒரு கொடி ஏறியிருந்தால் அது பாய்சன் ஐவி. இலை இன்னும் வராதிருந்தாலும் அந்தக் கொடியில் முதுகைத் தேய்த்தால் எண்ணெய் ஒட்டும், இரண்டு வாரத்துக்கு அரிப்பு நிற்காது. அந்த எண்ணெய் வெஸ்ட்டிலும் இருக்கும், அடுத்த தடவை எடுக்கும்போது திரும்பவும் வரும், ஆகவே துவைத்துவிடுங்கள்.

கடைசியாகத் தரை. ஓசார்க்கில் செம்புத்தலை விரியன் வகைப் பாம்பும் காட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பும் உண்டு. விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பூட்ஸால் சருகையும் கல்லையும் ஒதுக்கி உங்கள் பிட்டத்தளவு ஒரு இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். இதற்கு இரண்டு காசு செலவில்லை, நூறு டாலர் மெத்தையை விட இது அதிக சுகம் தரும். சுத்தம் செய்யாமல் விட்ட சருகு நீங்கள் காலை நகர்த்தும்போதெல்லாம் அப்பளம் நொறுக்கும்.

உண்ணி?

இருக்கிறது, நிறைய இருக்கிறது. தரையில் உட்காரும் வேட்டை என்பதால் நம்மைத்தான் முதலில் பிடிக்கும். வெஸ்ட், மெத்தை, கால்சட்டை, பூட்ஸ் எல்லாவற்றிலும் 0.5 சதவீத பெர்மெத்ரின் தெளித்து நன்றாகக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். துணிக்கு மட்டும், தோலில் அல்ல. வீட்டில் பூனை இருந்தால் ஈரமாக இருக்கும்போது கிட்டே விடாதீர்கள், அதற்கு விஷம். மெத்தைக்குத் தெளிக்கத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், மூன்று மணி நேரம் தரையோடு ஒட்டிக் கிடப்பது அதுதான்.

இங்கே உள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்துச் சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகிறது, ஆல்ஃபா-கேல் என்கிறார்கள். பிரியாணிக்காரர்கள் கவனிக்க. கோழியும் வான்கோழியும் அப்போதும் சாப்பிடலாம் என்பது ஒரு ஆறுதல்.

எல்லா மாநிலத்துக்கும் ஒரே சாமான் போதுமா?

இதைத்தான் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். டெக்சாஸில் ரியோ கிராண்டே வகை வான்கோழி, அங்கே சாய அகலமான மரம் கிடைப்பதே அபூர்வம். மெஸ்கீட் என்ற முள்மரம்தான் எங்கும், நம் ஊரைப் பிடித்து ஆட்டும் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். கீழே சப்பாத்திக்கள்ளி. காற்று மெத்தையோடு அங்கே போனால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. மடக்குக்கால் சட்ட வெஸ்ட்டோ குட்டை நாற்காலியோ, அடியில் தடித்த துணியோடு கொண்டுபோக வேண்டும். புளோரிடாவில் ஆசியோலா வகை, சதுப்பு நிலம், கொசு. மெத்தை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இரண்டு அங்குலத் தண்ணீரில் பயனில்லை, கொஞ்சம் உயரமான ஸ்டூல் வேண்டும். கொசுவை விரட்டும் தெர்மாசெல் கருவிக்கு வெஸ்ட்டில் தனிப் பை இருப்பது அங்கே ஆடம்பரம் இல்லை. தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸில் மெரியம் வகை. பாண்டரோசா பைன் காடு, மேடு, நடந்துகொண்டே இருக்க வேண்டும், ஏப்ரலில் பனி விழும். அங்கே ஒவ்வொரு அவுன்ஸையும் எண்ணுங்கள், நாற்காலியை விட்டுவிடுங்கள், ஆனால் தடித்த மூடிய அறை ஃபோம் கட்டாயம். குளிர்ந்த தரை அடியிலிருந்து உடம்புச் சூட்டை உறிஞ்சும்போது மேலே எத்தனை கம்பளி போட்டும் பயனில்லை.

மிசூரிக்கு மட்டும் என்றால் ஒரு அங்குல ஃபோம், இடுப்புப்பை, முடிந்தது.

எடையைக் குறைக்க எதை வீட்டில் விடலாம்?

ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் வெஸ்ட்டைத் தரையில் கொட்டி, தொட்டதை ஒரு பக்கமும் தொடாததை ஒரு பக்கமும் வையுங்கள். மூன்று நாள் தொடாதது வேண்டாதது. முதலுதவி, விளக்கு, உரிமம், கயிறு இவற்றுக்கு மட்டும் விலக்கு.

எனக்குக் கழிந்தவை: இரண்டாவது பெட்டி அழைப்பான், பைனாகுலர், மூன்று பொம்மைக் கோழியில் இரண்டு, கத்தரிக்கோல் வைத்த பெரிய கத்தி. வாய்க்குள் வைக்கும் டயஃப்ரம் அழைப்பான் எடையே இல்லை, கையும் அசையாது. பழக மாதக்கணக்கில் ஆகும், காரில் தனியாகப் போகும்போது பழகுங்கள், வீட்டில் வேண்டாம். பெட்டி அழைப்பான் கொண்டுபோனால் மூடியை ரப்பர் பட்டையால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்கும்போது பையிலேயே அது கூவிக்கொண்டு வரும். எனக்கு நடந்திருக்கிறது. சேவல் பதிலும் கொடுத்தது, நான் திறந்த வெளியில் நின்றுகொண்டிருந்தேன்.

பொம்மைக் கோழிக்கு நம் பழைய தமிழில் ‘பார்வை’ என்று ஒரு சொல் உண்டு, வேடர்கள் பழக்கி வைக்கும் கண்ணி விலங்கும் பறவையும் அது. இப்போது கடைகளில் கடினப் பிளாஸ்டிக்கில் அசல் போலவே இருப்பவை எடை அதிகம், பையில் பாதியை அடைக்கும். துணியில் படம் அச்சிட்டு வளையத்தில் மடிப்பவை ஒரு பவுண்டு பக்கம்தான். வண்டியிலிருந்து நூறு கஜத்தில் உட்காருகிறீர்கள் என்றால் முதல் வகை, நடக்கிறீர்கள் என்றால் இரண்டாவது.

இலேசான துப்பாக்கி வாங்கினால்?

நல்ல யோசனைதான். டங்ஸ்டன் குண்டுகள் வந்தபின் 12 கேஜ் என்ற பெரிய குழல் துப்பாக்கி கட்டாயம் இல்லை. ஈயத்தின் அடர்த்தி 11 என்றால் இது 18, ஆகச் சின்னக் குண்டே போதிய வேகத்தோடு போய்ச் சேரும். குழல் சிறிதான 20 கேஜ் ஒரு பவுண்டு குறையும். ஆனால் தோட்டா விலை கண்ணைக் கட்டும். முதலில் இருக்கிற துப்பாக்கிக்கே பத்து டாலர் தோள்வார் ஒன்று போட்டுப் பாருங்கள். அகலமாக, வழுக்காத ரப்பர் அடியோடு இருந்தால் ஏழு பவுண்டு ஐந்து போலத் தெரியும்.

குழந்தைகளோடு, வயதானவர்களோடு போனால்?

இந்தப் பட்டியலை மறந்துவிடுங்கள். துணிக்கூடாரம் ஒன்றை முந்தின நாளே வயல் ஓரத்தில் போட்டு, உள்ளே சாதாரண உயரத்து மடக்கு நாற்காலிகளை வையுங்கள். கூடாரம் மட்டும் 15 பவுண்டுக்கு மேல் இருக்கும் என்பதால் விடியற்காலையில் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். உள்ளே கருப்பாக இருப்பதால் கொஞ்சம் நெளியலாம், முறுக்கும் கடிக்கலாம். நாற்காலி முதுகோடும் கையில்லாமலும் இருக்கட்டும், கைப்பிடி துப்பாக்கியைத் திருப்பும்போது இடிக்கும்.

பணம் குறைவு. எதை முதலில் வாங்குவது?

மெத்தை. பதினைந்து இருபது டாலருக்குள் நல்ல மூடிய அறை ஃபோம் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால் பழைய யோகா பாயை வெட்டி மூன்று அடுக்காக ஒட்டி, பழைய கால்சட்டைத் துணியில் உறை தைத்து, இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி போடுங்கள். என் மெத்தை இன்றைக்கும் அதுதான், மனைவி தைத்தது. பறவையைச் சுமக்கப் பழைய பள்ளிக்கூட முதுகுப்பையும் ஒரு ஆரஞ்சுத் துணியும் முதல் வருடத்துக்குப் போதும். வெஸ்ட்டை இரண்டாம் வருடம், பருவம் முடிந்த ஜூன் மாதத்தில் விலை இறங்கும்போது வாங்குங்கள்.

புதுத் துணி எதுவானாலும் பளபளப்பு சேர்க்கும் சோப்புத்தூளில் துவைக்காதீர்கள். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி வான்கோழிக்குத் தெரியும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன், இதெல்லாம் எனக்கு ஆகுமா?

சாமான் கேள்வி இல்லை, ஆனாலும் எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி இந்த மாதிரி விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. மாநில விதிகள் தனி. நண்பர் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னாலேயே குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பையும் முடித்துவிடுங்கள். அதுவரை மெத்தையை எடுத்துக்கொண்டு சும்மா கூட வாருங்கள், விடியற்காலையில் சேவல் மரத்திலிருந்து கூவுவதைக் கேட்க உரிமம் வேண்டாம்.

பறவை விழுந்தபின் என்ன வரிசை?

துப்பாக்கியைப் பாதுகாப்பில் போட்டு, பறவை அடங்கியதும் அதன் காலில் உரிமச் சீட்டைக் கட்டுங்கள். கால்முள் கூர்மையாக இருக்கும், கையைக் கிழிக்கும், பாதத்தைப் பிடித்துத் தூக்குங்கள். தலையை இறக்கைக்குள் மடித்துப் பின்பையில் தலைகீழாகப் போட்டு, ஆரஞ்சுத் துணியைக் கட்டி, மெத்தையை மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். சிரிக்காதீர்கள், அந்தச் சந்தோஷத்தில் நான் இரண்டு மெத்தைகளைக் காட்டில் விட்டிருக்கிறேன். மிசூரியில் அன்றிரவு 10 மணிக்குள் போனிலோ இணையத்திலோ பதிவு செய்துவிட வேண்டும். வெயில் ஏறிய நாள் என்றால் வயிற்றைச் சீக்கிரம் சுத்தம் செய்துவிடுங்கள், வண்டி ஒரு மைல் தள்ளி இருந்தால் காட்டிலேயே.